சுமை யார் தலையில்?

ஒரு மென்பொருளை எழுதி முடிப்பது ஒரு வேலை. அதை நாம் ஒருநாளும் கண்டிராத ஒரு கணினியில் குடியமர்த்துவது இன்னொரு வேலை. முதலாவதைப் பற்றி வகுப்பில் நிறையப் படிக்கிறோம். இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். ஆனால் ஒரு மென்பொருள் பயன்படுமா, பெட்டியிலேயே கிடந்து தூசு பிடிக்குமா என்பதைப் பல வேளைகளில் இந்த இரண்டாவது வேலைதான் தீர்மானிக்கிறது. அதை நான் அறிந்துகொண்ட விதத்தைத் தங்கைமாருக்கும் அவர்களது பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து எமது கல்லூரி நூலகத்துக்கு இரவல் பதிவு செய்யும் ஒரு சிறிய செய்நிரலைப் பைதன் மொழியில் எழுதினோம். எந்த மாணவி எந்த நூலை எடுத்தாள், எப்போது திருப்பித் தர வேண்டும், எந்த நூல் கைவசம் இருக்கிறது என்பவற்றை அது சொல்லும். அவ்வளவுதான். அது நன்றாக ஓடியது. அதைக் கேள்விப்பட்டு வேறு இரண்டு சிறிய பாடசாலைகளும் கேட்டன. அப்போதுதான் உண்மையான கேள்வி எழுந்தது.

அந்த இரண்டு பாடசாலைகளிலும் இருந்தவை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினிகள். ஒன்றில் 2016ஆம் ஆண்டின் உபுண்டு லினக்ஸ். மற்றதில் அதைவிடப் புதிய பதிப்பு. ஒன்று 32 பிட், மற்றது 64 பிட். ஓரிடத்தில் இணைய இணைப்பே இல்லை. மற்ற இடத்தில் ஆசிரியையின் கைபேசியில் இருந்து கொஞ்ச நேரம் இணைப்பெடுக்கலாம். இரண்டு இடத்திலும் கணினி தெரிந்தவர் என்று தனியாக ஒருவர் இல்லை. நூலகப் பொறுப்பாசிரியையே எல்லாம். அவர்களில் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

"பிள்ள, நீங்க தந்திட்டுப் போயிருவீங்க. இது ஓடல்லெண்டா நான் ஆரக் கேக்கிற?"

மென்பொருள் உலகில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு பொருள் உண்டு. அதை அமைவு ஸ்கிரிப்ட் என்பார்கள். மென்பொருள் பொதியைத் திறந்ததும் முதலில் ஓடுவது அது. "இந்தக் கணினியில் எனக்குத் தேவையானவை எல்லாம் இருக்கின்றனவா? இல்லையென்றால் எது இல்லை?" என்று சுற்றிப் பார்த்து, இருப்பதற்கேற்ப மென்பொருளைச் சரிசெய்து கொடுப்பது அதன் கடமை. கேட்பதற்கு மிக எளிது. அதை எந்த மொழியில், எந்த முறையில் எழுதுவது என்பதில்தான் எனக்கும் என் தோழிக்கும் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது.

அவளுடைய கட்சி பைதன். "செய்நிரலே பைதன்லதான் இருக்கு. அமைவு ஸ்கிரிப்டும் அதிலேயே இருந்தா ஒரே மொழி. எங்களுக்குப் பின்னால வாற பிள்ளைகளும் ஒண்டப் படிச்சாப் போதும்" என்றாள். நியாயமான பேச்சு. பைதன் வாசிக்க இலகுவானது. கோப்புகளைக் கையாளவும் தரவுத்தளத்தைத் திறக்கவும் அதில் எல்லா வசதியும் உண்டு.

என்னுடைய கட்சி ஷெல். யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் கட்டளைகளை வாங்கிச் செய்யும் அடிப்படைச் செய்நிரலுக்குத்தான் ஷெல் என்று பெயர். அதன் மொழி பழையது, கரடுமுரடானது. ஆனால் அது இல்லாத லினக்ஸ் கணினியை நாம் பாடசாலைகளில் காணப்போவதில்லை.

வெறும் பிடிவாதத்தால் வாதாட முடியாது என்பதால், இதே கேள்வியை எங்களுக்கு முன்னர் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தத் தேடல் எனக்குப் பெரிய விருந்தாக அமைந்தது.

1980களில் யுனிக்ஸ் என்பது ஒன்றாக இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு யுனிக்ஸை வைத்திருந்தது. ஒன்றில் இருக்கும் வசதி மற்றதில் வேறு பெயரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரு செய்நிரலை எழுதி எல்லோருக்கும் அனுப்பினால், பெற்றுக்கொண்டவர் அதைத் தன் கணினிக்கு ஏற்பக் கையாலேயே திருத்த வேண்டியிருந்தது. 1987இல் பேர்ள் மொழியை வெளியிட்ட லெரி வோல், தன் பொதிகளுடன் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்பினார். அது கணினியைத் தானே சோதிக்கும். தெரியாததையும் உறுதிப்படுத்த வேண்டியதையும் எதிரில் இருப்பவரிடம் கேட்கும்.

பிறகு 1991இல் டேவிட் மெக்கென்சி என்பவர், தாம் பராமரித்துவந்த குனு பொதிகளுக்காகக் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட்களை எழுதத் தொடங்கினார். பொதிகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே அத்தகைய ஸ்கிரிப்ட்களைத் தானாக உருவாக்கித் தரும் ஒரு கருவியைச் செய்தார். அதுதான் ஓட்டோகொன்ப். இன்றும் லினக்ஸில் மூலநிரலில் இருந்து மென்பொருளை நிறுவுபவர்கள் முதலில் 'கொன்பிகர்', பிறகு 'மேக்', பிறகு 'மேக் இன்ஸ்டோல்' என்று மூன்று படிகளில் போவதுண்டு. அந்த முதலாவது படி பெரும்பாலும் ஓட்டோகொன்ப் பெற்றுத்தந்த பிள்ளைதான்.

அதில் என்னைக் கவர்ந்தது ஓர் ஏற்பாடு. ஓட்டோகொன்பைப் பயன்படுத்தி ஸ்கிரிப்டை உருவாக்குவதற்கு எம்4 என்ற இன்னொரு கருவி வேண்டும். அது பழகுவதற்குக் கடினமானது. அதன் அடைப்புக்குறிகளுக்குள் சிக்கித் தவிக்காத செய்நிரலாளர்கள் குறைவு. ஆனால் அந்தத் தவிப்பு முழுவதும் உருவாக்குபவருக்கு மட்டுமே. பொதியைப் பெறுபவரிடம் எம்4 இருக்க வேண்டியதில்லை, ஓட்டோகொன்பும் இருக்க வேண்டியதில்லை. சாதாரண ஷெல் ஒன்று இருந்தால் போதும். உலகில் எங்கோ ஒரு மூலையில் ஏதாவதொரு பழைய ஷெல் தடுமாறிவிடக் கூடாது என்பதற்காக, ஷெல் மொழியின் சில வசதிகளைக்கூடப் பல ஆண்டுகளாக அந்த ஸ்கிரிப்ட்கள் தவிர்த்தே வந்தன. கஷ்டத்தை அனுப்புபவன் எடுத்துக்கொண்டு, பெறுபவருக்கு இலகுவைக் கொடுத்த ஏற்பாடு அது.

இதைப் படித்த பிறகு எங்கள் வாக்குவாதத்தின் வடிவமே மாறியது. எந்த மொழி அழகானது என்பதை விட்டுவிட்டு, சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

அந்தக் கண்ணால் பார்த்தபோது, பைதனுக்கு எதிராக ஒரு வலுவான காரணம் கிடைத்தது. எங்கள் செய்நிரல் ஓடுவதற்குப் பைதன் வேண்டும். ஆகவே அமைவு ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய முதல் சோதனை, பைதன் இருக்கிறதா என்பதுதான். அந்தச் சோதனையைப் பைதனிலேயே எழுதினால் என்ன நடக்கும்? பைதன் இல்லாத கணினியில் அந்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. வீட்டில் இல்லாதவரின் பெயரைச் சொல்லி அழைத்து, "நீங்கள் வீட்டில் இல்லையா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்றது அது.

பைதன் இருந்தும் பழைய பதிப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல். 2016இன் உபுண்டுவில் இருப்பது பைதன் 3.5. அடுத்த பதிப்பான 3.6இல்தான் 'எஃப் ஸ்ட்ரிங்' என்ற வசதி வந்தது. மேற்கோள் குறிக்கு முன் ஓர் எழுத்தைப் போட்டு, சொற்களுக்கு நடுவே மாறிகளை நேரடியாகச் செருகும் முறை அது. ஒரு கோப்பின் முதல் வரியில் "பதிப்பு பழையதென்றால் இதைச் சொல்லிவிட்டு நில்" என்று எழுதி, ஐம்பதாவது வரியில் எஃப் ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்தினோம் என்று வையுங்கள். பழைய பைதன் அந்த முதல் வரியைச் செயற்படுத்தாது. ஏனெனில் பைதன் முதலில் கோப்பு முழுவதையும் வாசித்து, இலக்கணம் சரியா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கும். ஐம்பதாவது வரியில் இலக்கணப் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நாங்கள் அன்போடு எழுதிவைத்த எச்சரிக்கை ஆசிரியையின் கண்ணுக்கு வராது.

இதைச் சோதித்துக் காட்டியபோது என் தோழி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, முதல் வாசல் ஷெல்லுக்கு. ஆனா அதுக்குமேல ஒரு வரி கூட ஷெல் எழுத விடமாட்டேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருந்தது.

ஷெல்லின் குறைகளை அவள் பட்டியலிட்டே வைத்திருந்தாள். கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால், மேற்கோள் குறிக்குள் வைக்காத ஷெல் மாறி அந்தப் பெயரை இரண்டாக வெட்டிவிடும். 'எங்கள் நூலகம்' என்ற கோப்புறை, 'எங்கள்' என்றும் 'நூலகம்' என்றும் இரண்டு கோப்புறைகளாகத் தெரியும். விண்டோஸில் திறந்து சேமித்த ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் லினக்ஸில் ஓடவிட்டால், இல்லாத ஒரு மொழிபெயர்ப்பியைத் தேடிவிட்டு நிற்கும். ஒரு ஷெல்லில் பழகிய வசதி மற்ற ஷெல்லில் இருக்காது. 2006ஆம் ஆண்டு உபுண்டு தனது வழக்கமான ஷெல்லாக, 'பேஷ்' என்பதற்குப் பதிலாகச் சிறியதும் வேகமானதுமான 'டேஷ்' என்பதை வைத்தபோது, பேஷுக்கே உரிய வசதிகளை நம்பி எழுதப்பட்ட பல ஸ்கிரிப்ட்கள் இடறின.

இவற்றோடு அவள் இன்னொரு கதையையும் கொண்டுவந்தாள். லினக்ஸ் கேர்னலை உருவாக்குவதற்கு முன், எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று தெரிவுசெய்யும் ஒரு கருவி உண்டு. முன்பு அது ஷெல்லிலும் வேறு சில மொழிகளிலும் துண்டு துண்டாக இருந்தது. 2000ஆம் ஆண்டளவில் எரிக் ரேமன்ட் என்பவர் அதைப் பைதனில் புதிதாக எழுத முன்வந்தார். பழையதைவிட ஒழுங்கான வடிவமைப்பு. ஆனாலும் அது கேர்னலுக்குள் இடம்பெறவில்லை. கேர்னலை உருவாக்க விரும்பும் எல்லோரும் இனிப் பைதனையும் வைத்திருக்க வேண்டுமா என்பது அதற்கு எதிரான ஆட்சேபங்களில் ஒன்று. 2002இல் ரோமன் சிப்பெல் என்பவரின் கருவி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது சீ மொழியில் எழுதப்பட்டது. கேர்னலை உருவாக்க எப்படியும் சீ மொழியின் தொகுப்பி வேண்டும் என்பதால், யாருக்கும் புதிய சுமை இல்லை.

"பார்த்தியா, இது என்ட பக்கத்துக்குத்தானே வருது?" என்றேன். "இல்ல, அவங்க ஷெல்லையும் கைவிட்டுத்தானே போனாங்க" என்றாள். இருவர் சொன்னதும் உண்மைதான். கேர்னல்காரர்கள் தம்மைத் தேடிவருபவரிடம் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே தெரிவு செய்தார்கள். அவர்களிடம் வருபவரிடம் சீ தொகுப்பி இருந்தது. எங்கள் நூலக ஆசிரியையிடம் நிச்சயமாக இருப்பது ஷெல் மட்டுமே.

அடுத்து வந்த கேள்வி, எதைச் சோதிப்பது, எதைக் கேட்பது என்பது. லெரி வோலின் ஸ்கிரிப்ட் பயனரிடம் கேள்வி கேட்கும். மெக்கென்சியின் வழியில் போனால் பொதுவாக எதையும் கேட்காமல் தானே கண்டுபிடிக்கும். இதற்கான விளக்கம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. என் வாப்பா தளபாட வேலை செய்பவர். அலுமாரி செய்யக் கேட்டு ஆள் வந்தால், அளவை அவர்களிடம் கேட்கவே மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டுக்காரர்ட்ட கேட்டா அஞ்சரை அடி எண்டுவார். போய் அளந்தா அஞ்சே கால்தான் இருக்கும். அவரு பொய் சொல்லல்ல மகள். அவருக்கு அளக்கிற தொழில் இல்ல. என்ன நிறம் வேணும், எத்தின தட்டு வேணும் எண்டு மட்டும்தான் நான் அவருட்ட கேப்பன்" என்றார்.

ஓட்டோகொன்பின் கோட்பாடும் இதுதான். 'உன் பெயர் என்ன, உன் பதிப்பு என்ன' என்று கணினியிடம் விசாரித்து, அந்தப் பெயரை வைத்து முடிவுகட்டாமல், வேண்டிய வசதியையே செய்துபார்க்கச் சொல்கிறது. ஒரு சிறு சோதனைச் செய்நிரலை எழுதி, அது தொகுக்கப்படுகிறதா என்று பார்க்கிறது. பெயர் ஒன்றாக இருந்தும் வசதி இல்லாத கணினி உண்டு. பெயர் தெரியாதிருந்தும் வசதியுள்ள கணினி உண்டு.

ஆகவே கணினிக்குத் தெரிந்ததைக் கணினியிடம் கேட்போம், மனிதருக்கு மட்டுமே தெரிந்ததை மனிதரிடம் கேட்போம் என்று முடிவுசெய்தோம். பைதன் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, திரையில் சாளரம் வரைவதற்கான டிகின்டர் இருக்கிறதா, தரவுக் கோப்புறையில் எழுத அனுமதி உண்டா, தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற ஐந்தும் கணினியிடம். எழுத அனுமதி உண்டா என்று விசாரிப்பதற்குப் பதிலாக, ஒரு சிறு கோப்பை எழுதிப் பார்த்து உடனே அழித்துவிடுவோம். நூல் எத்தனை நாளைக்கு இரவல், ஒருவர் எத்தனை நூல் எடுக்கலாம், பாடசாலையின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்ற மூன்றும் ஆசிரியைக்குரியவை.

அந்த மூன்றையும் எங்கே எழுதிவைப்பது என்பதில்தான் எங்கள் கடைசி விவாதம். பைதன் கோப்பிலேயே மாறிகளாக வைத்துவிடலாம். பலரும் செய்வது அது. பைதன் உலகிலேயே பொதி ஒன்றின் விவரங்கள் நீண்ட காலம் ஒரு ஸ்கிரிப்டாகவே எழுதப்பட்டன. அதனால் ஒரு பொதிக்கு வேறு எவை தேவை என்று அறிவதற்கே அந்த ஸ்கிரிப்டை ஓடவிட வேண்டியிருந்தது. 2016 முதல் படிப்படியாக அந்த விவரங்களை வெறும் உரைக் கோப்பில் எழுதும் முறைக்கு அவர்கள் நகர்ந்தார்கள். பழைய முறைக்கு அடித்தளமாக இருந்த 'டிஸ்ட்யூட்டில்ஸ்' 2023இல் வெளிவந்த பைதன் 3.12இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு விவரத்தை அறிவதற்கு யாரோ எழுதிய கட்டளைகளை ஓடவிடத்தான் வேண்டும் என்றால், அந்த யாரோவை நாம் முழுமையாக நம்ப வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை 2024இல் உலகமே கண்டது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு பொதி. எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதன் இரண்டு பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தார்கள். தூரத்தில் இருக்கும் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அளவு கூடுதலாக எடுப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் பிரொய்ன்ட் என்ற செய்நிரலாளர், தேடிப்போய் அதைக் கண்டுபிடித்து மார்ச் 29ஆம் திகதி பகிரங்கப்படுத்தினார். அந்தக் கதவைத் திறந்துவிடும் வரிகள் எங்கே ஒளிந்திருந்தன தெரியுமா? நான் மேலே சொன்ன எம்4 கோப்பு ஒன்றில், அமைவு ஸ்கிரிப்டுக்குள் போய்ச் சேரும்படி. எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. வெளியிடப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தன. பல ஆயிரம் வரிகள் நீளமான அமைவு ஸ்கிரிப்டை யாரும் வாசிப்பதில்லை என்பதை ஒளித்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

நான் புகழ்ந்த ஓட்டோகொன்பின் மறுபக்கம் இது. பெறுபவரின் சுமையைக் குறைக்கப் போய், பெறுபவர் வாசித்து விளங்க முடியாத ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுகிறது. எங்களுடையது போன்ற சிறிய பொதிக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையே இல்லை. ஆகவே ஸ்கிரிப்டைக் கையாலேயே எழுதினோம். அச்சடித்தால் இரண்டு பக்கத்துக்கு மிஞ்சக் கூடாது என்று எல்லை வைத்தோம். ஒரு ஐ.சி.ரி. மாணவி தேநீர் ஆறுவதற்குள் வாசித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றாள் என் தோழி. ஆசிரியைக்குரிய மூன்று விடயங்களையும் தனியான உரைக் கோப்பில் வைத்தோம். அதில் கட்டளை எதுவும் இல்லை. இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் பெறுமதி.

இனி ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. சோதனையில் ஏதாவது குறை தெரிந்தால் அதை ஆசிரியைக்கு எப்படிச் சொல்வது? தமிழில் சொல்ல வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இருக்கவில்லை. ஆனால் கட்டளைச் சாளரங்கள் பல, தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்டுவதில்லை. கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்களாகத் தெரியும். மேலும், தமிழ் எழுத்துரு இல்லை என்ற செய்தியைத் தமிழ் எழுத்துருவில் காட்டுவது எப்படி? பைதன் இல்லை என்பதைப் பைதனே சொல்ல முடியாதது போன்ற அதே முடிச்சுத்தான் இதுவும்.

வழி சொன்னவர் எங்கள் ஐ.சி.ரி. டீச்சர். "இலக்கத்துக்கு எழுத்துரு தேவையா பிள்ளைகள்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் ஸ்கிரிப்டை மாற்றி, திரையில் பெரிதாக ஓர் இலக்கம் மட்டும் வரும்படி செய்தோம். ஐந்து சோதனைக்கும் ஐந்து இலக்கம். எல்லாம் சரியென்றால் 0. யுனிக்ஸ் உலகில் ஒரு கட்டளை வெற்றியாக முடிந்தால் திருப்பித் தரும் இலக்கமும் 0தான் என்பதால், அது எங்களுக்கு இயல்பாகவே அமைந்தது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை அரைத்தாளில் தமிழில் அச்சடித்து, பென் ட்ரைவோடு ஓர் உறையில் போட்டோம். இணையம் இல்லாத இடத்துக்காக, டிகின்டரையும் தமிழ் எழுத்துருவையும் 32 பிட், 64 பிட் இரண்டு வகையிலும், அந்தந்தக் கணினியில் இருக்கும் உபுண்டு பதிப்புக்கு ஏற்ப அதே பென் ட்ரைவில் வைத்தோம். செய்நிரலில் இருந்த எஃப் ஸ்ட்ரிங்குகளை எல்லாம் என் தோழி ஒவ்வொன்றாக எடுத்து, பைதன் 3.5இலும் ஓடும்படி மாற்றி எழுதினாள். இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் ஆசிரியையின் இரண்டு நாளாக இருந்திருக்க வேண்டியவை.

இவ்வளவையும் இரண்டு கணினிகளுக்காகவா செய்தீர்கள் என்று கேட்கலாம். நாங்களே நேரில் போய் நிறுவிக்கொடுத்திருக்கலாம்தான். ஆனால் கணினி ஒருநாள் பழுதாகும், மாற்றப்படும். அப்போது நாங்கள் எங்கே இருப்போமோ தெரியாது. அன்று அந்த ஆசிரியை, "இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்று கணினியை மூடிவிட்டுப் பழைய பதிவேட்டை எடுப்பார். அப்படி மூடி வைக்கப்பட்ட எத்தனையோ பொருட்கள் எமது பாடசாலைகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களுக்கு அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் அதைக் கையில் எடுக்கப்போகிறவர் யார் என்று அவர்களிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உறையை அனுப்பி ஒரு வாரத்தின் பின், இணையம் இல்லாத அந்தப் பாடசாலையின் ஆசிரியையிடம் இருந்து அழைப்பு வந்தது. முதலில் 3 வந்ததாம். தாளைப் பார்த்து பென் ட்ரைவில் இருந்த டிகின்டரை நிறுவினாராம். பிறகு 4 வந்ததாம். அதற்கும் தாளில் இருந்தபடி செய்தாராம். பிறகு 0. இவற்றையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தான் அழைத்த காரணத்துக்கு வந்தார்.

"அந்தச் சின்னக் கோப்பில பதினாலு நாள் எண்டு இருந்திச்சி. எங்கட பிள்ளைகள் கொஞ்சப் பேர்தானே, புத்தகமும் கொஞ்சம். நான் ஏழு எண்டு மாத்திட்டன். அதில பிழை ஒண்டும் இல்லையே?"

பிழை ஒன்றும் இல்லை டீச்சர் என்று சொன்னேன். தொலைபேசியை வைத்ததும் என் தோழிக்கு அழைத்து அப்படியே சொன்னேன். அந்த ஆசிரியை ஒரு மென்பொருளை அமைத்திருக்கிறார், தனது பாடசாலைக்கு ஏற்ப மாற்றியும் இருக்கிறார். அதை ஒரு பெரிய காரியமாக அவர் நினைக்கவே இல்லை. அதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

என் தோழி இன்றும் ஷெல் மொழியை விரும்புவதில்லை. அந்த இரண்டு பக்கங்களுக்கு மேல் ஒரு வரி சேர்க்கவும் அவள் என்னை விடவில்லை. அவள் சொல்வதும் சரிதான். நாளை எமது பாடசாலைகளுக்குப் புதிய கணினிகள் வரலாம். எல்லாவற்றிலும் ஒரே பதிப்புப் பைதன் இருக்கலாம், அல்லது நாங்கள் கேள்விப்படாத வேறேதோ இருக்கலாம். அப்போது இந்த ஷெல் ஸ்கிரிப்டுக்கு வேலை இருக்காது. மொழிகள் வரும், போகும்.

இந்தச் செய்நிரலை இப்போது கல்லூரியின் ஐ.சி.ரி. மாணவிகளிடம் ஒப்படைத்துவிட்டோம். தங்கைமாரே, அதைத் தாராளமாக மாற்றி எழுதுங்கள். விருப்பமான மொழியைத் தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்வதற்கு முன், உங்களுக்கு எது இலகு என்பதோடு சேர்த்து, உறையைப் பிரிப்பவரின் மேசையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக ஒரு சோதனை சேர்த்தால், அரைத்தாளில் ஆறாவது வரியையும் எழுத மறந்துவிடாதீர்கள். தாளில் இன்னும் இடம் இருக்கிறது.